முன்னாள் ராணுவ வீரருக்கு மனநல ஆலோசனை: நாங்கள் போன மூன்று இடங்கள்

என் வீட்டுக்காரர் மெட்ராஸ் ரெஜிமென்டில் 24 வருஷம் இருந்து, 2015-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். போன ஆடியிலிருந்து இந்த ஆனி வரை அவருக்காக மூன்று இடங்களில் மனநல ஆலோசனை தேடினோம். நகரத்தில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை, 14416 என்ற தொலைபேசி எண், எங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. இந்த மூன்றைப் பற்றியும்தான் எழுதுகிறேன். மருத்துவமனைகளின் பெயரை எழுதவில்லை. எங்கள் ஊர்ப் பெயரும் வேண்டாம் என்று அவர் சொன்னார். மற்ற எல்லாவற்றையும் அவர் படித்துப் பார்த்து, "சரி, போடு" என்ற பிறகுதான் போடுகிறேன்.

நான் அங்கன்வாடிப் பணியாளர். தென் மாவட்டத்தில் எங்கள் பக்கம் நாலு வீட்டுக்கு ஒரு வீடு பட்டாளத்து வீடு. மிலிட்டரி கேன்டீனில் எந்த நாள் சரக்கு வந்து இறங்கும், ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் பென்ஷன் முறையில் பென்ஷன் சிக்கினால் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் பத்துப் பேர் வழி சொல்வார்கள். ராத்திரி தூங்க முடியாத மனுஷனை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று நான் கேட்டபோது ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒரு சித்தி கோடாங்கி பார்க்கச் சொன்னார். அதனால் இதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

போன ஆடியில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். கேத வீட்டில் எங்கள் பக்கம் அதிர்வேட்டு போடுவார்கள். எங்கள் மகளின் பையன், நாலு வயது, வாசலில் உட்கார்ந்து கொட்டாங்குச்சியில் மண் அள்ளி விளையாடிக்கொண்டிருந்தான். முதல் வேட்டு வெடித்ததும் இவர் பாய்ந்து பேரனைத் தரையோடு அழுத்தி அவன்மேல் குப்புறப் படுத்துவிட்டார். இரண்டாவது வேட்டு, மூன்றாவது வேட்டு போட்டு முடிந்தும் எழுந்திருக்கவில்லை. நானும் மருமகனும் சேர்ந்துதான் பிரித்து எடுத்தோம். பிள்ளைக்குத் தாடை கிழிந்து மூன்று தையல். "குடிச்சிட்டுப் பிள்ளைய அமுக்கிட்டான்" என்றது தெரு. அன்றைக்கு அவர் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. குண்டு விழுந்தால் தன் முதுகில் விழட்டும் என்றுதான் அவன்மேல் படுத்தார். எனக்கு அது அப்போதே புரிந்தது. அன்று ராத்திரி முழுக்க மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து அழுதார். கல்யாணமாகி 27 வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இது திடீரென்று வந்ததில்லை. 2000-இல் தீவிரவாதிகளை எதிர்க்கும் ராஷ்ட்ரீய ரைபிள்ஸ் படைக்கு மாற்றிக் காஷ்மீரில் குப்வாராவில் போட்டார்கள். இரண்டரை வருஷம். அங்கே நடந்ததை அவர்தான் சொல்ல வேண்டும், நான் எழுத மாட்டேன். திரும்பி வந்த மனுஷன் கதவுக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை. பஸ்ஸில் கடைசி ஸீட் காலியாக இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து வீட்டைச் சுற்றிக் கொல்லை வரை நடந்து பார்த்துவிட்டு வருவார். எல்லையில் விடியும் முன்னும் இருட்டும் முன்னும் எல்லோரும் ஆயுதத்தோடு தயாராக நிற்பார்களாம், 'ஸ்டாண்ட் டு' என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அவர் உடம்பு அதை விடவில்லை. தீபாவளிக்கு முந்தின ராத்திரி தோட்டத்து மோட்டார் ரூமில் போய்ப் படுத்துக்கொள்வார். "தண்ணி பாய்ச்சணும்" என்பார். ஐப்பசி மழையில் என்ன தண்ணீர் பாய்ச்சுவது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சினில் சோனம் போஸ்டில் பனி சரிந்து 19 மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் புதைந்தார்கள். ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள். 11-ஆம் தேதி டெல்லியில் அவரும் போய்விட்டார். இறந்தவர்களில் நாலு பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். என் வீட்டுக்காரர் வேறு பட்டாலியன்தான், ஆனால் அந்தப் பனியில் இவரும் ஒரு தடவை இருந்து வந்தவர். அந்த ஒன்பது நாளும் டி.வி. முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் டி.வி. பக்கமே போகவில்லை. குடி அந்த மாதத்தில்தான் தினசரி ஆனது. பேங்க் வாசலில் பார்த்த செக்யூரிட்டி வேலையையும் அந்த வருஷமே விட்டார்.

"அப்பவே காட்டியிருக்கலாமே" என்று இப்போது எல்லோரும் சுலபமாகச் சொல்கிறார்கள். சர்வீஸில் இருக்கும்போது ஏன் சொல்லவில்லை என்று நானும் கேட்டேன். பட்டாளத்தில் உடல்தகுதியை 'ஷேப்' என்று ஐந்து எழுத்தாகப் பிரித்து மதிப்பிடுவார்கள். அதில் முதல் எழுத்தான 'எஸ்' மனநிலைக்கு. அந்த எஸ்-இல் 'ஒன்று' என்பதுதான் முழுத் தகுதி. அதிலிருந்து இறங்கினால் 'லோ மெடிக்கல் கேட்டகிரி', அதாவது தகுதி குறைந்தவர் என்று பதிவாகும். புரமோஷனும் நல்ல போஸ்டிங்கும் அதில் அடிபட்டுப் போகும். மனநல டாக்டரிடம் அனுப்பும்போது கமாண்டிங் ஆபீஸரின் அறிக்கையும் கூடப் போகும். ஆக, தூக்கம் வரவில்லை என்று சொன்னால் பட்டாலியனுக்கே தெரிந்துவிடும் என்ற பயம். "நாயக் ஆகணும், ஹவில்தார் ஆகணும், பிள்ளைகளைப் படிக்க வைக்கணும். நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றார். 24 வருஷம் சொல்லாமல் பழகிய வாய், ஓய்வு பெற்ற மறுநாள் எப்படித் திறக்கும்?

சரி, இடங்களுக்கு வருகிறேன்.

முன்னாள் படையினருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் 2003 ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ் என்ற மருத்துவத் திட்டம் இருப்பது பட்டாளத்து வீடுகளுக்குத் தெரியும். கார்டு போட்டால் பாலிகிளினிக்கில் வைத்தியம். அங்கே முடியாததற்கு ரெஃபரல் வாங்கிக்கொண்டு பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்குப் போகலாம், பணம் கட்ட வேண்டாம். என் மாமியாரின் கண் ஆபரேஷன், எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் எல்லாமே அதில்தான் நடந்தது. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

நாங்கள் போகும் கிளினிக்கில் டாக்டர் நல்ல மனுஷர். நடந்ததைச் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். "இது மனசுல பட்ட காயம்மா, குணமாகும்" என்று என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான். ஆனால் வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள். அங்கே பல்லுக்கு நாற்காலி உண்டு, ரத்தப் பரிசோதனைக்கு அறை உண்டு, மருந்து கொடுக்க ஜன்னல் உண்டு. உட்கார்ந்து பேச ஒரு அறை இல்லை, அதற்கு ஆளும் இல்லை. அதனால் ரெஃபரல் எழுதிக் கொடுத்தார்.

தனியார் மருத்துவமனை எங்கள் ஊரிலிருந்து 78 கிலோமீட்டர். இரண்டு பஸ் மாற வேண்டும். காலை 5.40 பஸ் பிடித்தால்தான் டோக்கன் கிடைக்கும். கட்டடம் சுத்தம், லிஃப்ட் உண்டு, கேஷ்லெஸ் வேலையெல்லாம் சுணக்கமில்லாமல் முடித்துக் கொடுத்தார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. நாலு மணி நேரம் உட்கார்ந்த பிறகு ஒரு பையன் வந்து, "மெண்டல் ஓ.பி. யாரு? மெண்டல் ஓ.பி. பார்க்க வந்தவங்க எல்லாம் எந்திரிங்க" என்று ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டான். எதிர் வரிசையில் பக்கத்து ஊர் சுபேதார் மனைவி மூட்டு வலிக்கு வந்து உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைப்பது 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் உரிமையாகவே எழுதியிருக்கிறது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரிந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

டாக்டர் ஏழு எட்டு நிமிஷம் பார்த்தார், மாத்திரை எழுதினார். மாத்திரை வேலை செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரத்தில் ராத்திரி மூன்று மணி நேரமாவது தூங்கினார். ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு டாக்டர், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கதை. மூன்றாவது தடவை, "கவுன்சலிங்கும் எடுத்துக்கங்க" என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். சின்ன வயசுப் பையன். கெட்டவன் இல்லை, பட்டாளத்தைச் சினிமாவில் மட்டும் பார்த்தவன். உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "சார், எத்தனை பேரைச் சுட்டிருப்பீங்க?"

என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து, நாற்காலியை மேஜைக்கு நேராகத் தள்ளி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். பஸ் ஸ்டாண்டில்தான் பிடித்தேன். ஊர் வரும் வரை பேசவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இனிமே என்னை எங்கயும் கூப்பிடாத" என்றார். ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால், அந்த மாத்திரைக்காக ஒன்று கொடுப்பேன். தெரியாமல் கேட்ட ஒரு கேள்வியால் எங்களுக்கு இரண்டு மாதம் போனது. படைவீரர்களிடம் எதைக் கேட்கலாம், எதை அவர்களாகச் சொல்லும்வரை விட்டுவிட வேண்டும் என்பதை ஒரு நாள் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

அடுத்தது 14416. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

தீபாவளிக்கு முந்தின ராத்திரி. வழக்கம்போல மோட்டார் ரூமுக்குப் போய்விட்டார். பன்னிரண்டு மணிக்கு போன் பண்ணினேன், எடுக்கவில்லை. மறுபடி பண்ணினேன். ஒரு மணி ஆனது. சாயங்காலம் போகும்போது பேரன் தாடையில் இருந்த தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது எனக்கு ஞாபகம் வந்தது. அங்கன்வாடி மையத்தில் ஒட்டியிருந்த போஸ்டரில் அந்த எண்ணைத் தினமும் பார்த்திருக்கிறேன். 1.40-க்கு அழைத்தேன்.

எடுத்தது ஒரு பெண். தமிழில்தான் பேசினார். என்ன பிரச்சினை என்று நான் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. முதலில் கேட்டது, "அம்மா, நீங்க இப்ப பத்திரமா இருக்கீங்களா?" என்று. அதற்குப் பிறகு அவர் தனியாக இருக்கிறாரா, குடித்திருக்கிறாரா, சாக வேண்டும் என்று எப்போதாவது சொன்னாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த வார்த்தையை நான் வாயால் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சாதாரணமாக, பயமுறுத்தாமல் கேட்டார். சொன்னேன். "இப்பவே அவர்கூட ஒருத்தர் இருக்கணும், யாரை அனுப்ப முடியும்?" என்றார். கொழுந்தனை எழுப்பினேன். "மதினி, நான் போறேன், நீங்க பதறாதீங்க" என்று பைக்கை எடுத்துக்கொண்டு போனார். அவர் அங்கே போய்ச் சேர்ந்து, "இருக்காரு, முழிச்சுத்தான் இருக்காரு, போன் சைலன்ட்ல கிடக்கு" என்று சொல்லும் வரை அந்தப் பெண் லைனை வைக்கவில்லை. மொத்தம் 35 நிமிஷம்.

மூன்றாம் நாள் அவர்களே திரும்ப அழைத்தார்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் எந்தக் கிழமை உளவியலாளர் இருப்பார், எந்த அறை என்று சொன்னார்கள். "அவர் வரலைன்னா பரவாயில்லை, நீங்க முதல்ல போங்க" என்றார்கள். நோயாளி இல்லாமல் வீட்டு ஆள் மட்டும் போகலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இதன் பெயர் டெலி மானஸ். 2022 அக்டோபர் 10-ஆம் தேதி மத்திய அரசு தொடங்கியது. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனையின் தலைமையில் நடக்கிறது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்று பெயர். 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது. 1800 891 4416 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். புனேயில் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பர் 1 முதல் படையினருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் என்று தனிப் பிரிவே தொடங்கியிருக்கிறார்கள். இது நல்ல காரியம். எங்கள் பக்கத்தில் நான் கேட்ட பட்டாளத்து வீடு ஒன்றில்கூட இது தெரியவில்லை. கேன்டீன் பில் கவுன்டர் பக்கத்தில் இந்த எண்ணைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டினால் போதும், எல்லோருக்கும் தெரிந்துவிடும். கேன்டீனுக்குப் போகாத பட்டாளத்து வீடு கிடையாது. 14416-க்கு ஐந்துக்கு ஐந்து. நான்கு தடவை அழைத்திருக்கிறேன், நாலு தடவையும் எடுத்தார்கள்.

ஆனால் போன் என்பது ராத்திரியைத் தாண்ட வைப்பது. வருஷக்கணக்கில் உள்ளே கிடந்ததைப் பேச ஒரே முகம் வேண்டும். அது எங்களுக்கு மாவட்ட அரசு மருத்துவமனையில் கிடைத்தது.

பழைய கட்டடம். பக்கத்து அறையில் காசநோய்ப் பிரிவு, வெளியே ஒரு சிமென்ட் பெஞ்சு, மின்விசிறி சத்தம் போடும். உளவியலாளர் முப்பது முப்பத்திரண்டு வயதுப் பெண். முதல் மூன்று தடவை நான் மட்டும்தான் போனேன். வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லத்தான் போனேன், சொல்லச் சொல்ல என்னைப் பற்றித்தான் வந்தது. இரும்புச் சட்டி கையிலிருந்து விழுந்தால் எனக்கு மூச்சே நின்றுவிடும், அவர் என்ன செய்வாரோ என்று. பதினஞ்சு வருஷமாக இந்த வீட்டில் ஒருத்தரும் சத்தமாகச் சிரித்ததில்லை. ஓய்வு பெற்று வந்த பிறகு நானும் அவரோடு சேர்ந்து நாலு மணிக்கு விழித்துக்கொண்டுதான் கிடந்தேன். அந்தப் பெண் கேட்டார்: "நீங்க எப்பம்மா கடைசியா நல்லாத் தூங்கினீங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. பட்டாளத்துக்காரர் மனைவியிடம் இதை யாராவது கேட்க வேண்டும். பென்ஷன் நாமினி படிவத்தில் என் பெயர் உண்டு, கார்டில் என் போட்டோ உண்டு, ஆனால் என்னிடம் இதைக் கேட்கவென்று ஒரு இடம் 27 வருஷத்தில் இருந்ததில்லை.

நாலாவது தடவை என் வீட்டுக்காரர் வந்தார். உள்ளே வரவில்லை, வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். உளவியலாளர் எழுந்து வெளியே போய் மரத்தடியிலேயே நின்று பேசினார். "உங்களை நான் எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டார். இவர் யோசித்துவிட்டு, "ஹவில்தார்" என்றார். அன்றிலிருந்து "ஹவில்தார் சார்"தான். அறைக்குள் கதவைப் பார்த்த நாற்காலியை அவருக்குக் கொடுத்து, தான் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். இவர் கேட்காமலே செய்தார். அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார் இவர்.

துப்பாக்கியைப் பற்றிக் கேட்கவே இல்லை. தூக்கம், சாப்பாடு, மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது, நாலு மணிக்கு எழுந்தால் எந்தப் பக்கமாக நடப்பீர்கள், இதெல்லாம்தான். இரண்டாவது மாதத்தில்தான் உடம்பைப் பற்றி விளக்கினார். ஆபத்து வந்தால் உடம்பு மணி அடிக்கும், குப்வாராவில் அந்த மணி உங்களை உயிரோடு வைத்தது, ஊருக்கு வந்த பிறகும் அது அடங்கவில்லை, வேட்டுச் சத்தம் கேட்டதும் மூளை இது இந்த ஊர் என்று யோசிக்கும் முன்னால் உடம்பு பாய்ந்துவிடுகிறது என்றார். "பேரனை அமுக்கினது தப்புன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க என்ன நெனச்சுப் படுத்தீங்கன்னு யாராச்சும் கேட்டாங்களா?" என்றார். இவர் அரை மணி நேரம் பேசினார். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன், என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். வெளியே வந்து, "டீ குடிக்கலாமா" என்றார்.

மாத்திரை அங்கேயே இலவசம். அதோடு மூச்சுப் பயிற்சி, குடியைக் குறைக்கக் கணக்கு நோட்டு, வாரம் ஒரு சின்ன வேலை. முதல் வேலை, பஸ்ஸில் நடு ஸீட்டில் இரண்டு ஸ்டாப் உட்கார்ந்து வருவது. அதற்கே மூன்று வாரம் ஆனது. கேன்டீன் கார்டில் மாதாமாதம் சாராயக் கோட்டா தானாக வருகிறது, கேட்க வேண்டியதில்லை. அதை வாங்காமல் விட்டுவிட்டு வர அவருக்கு ஐந்து மாதம் பிடித்தது. இப்போதும் முழுசாக விட்டுவிட்டார் என்று சொல்ல மாட்டேன். மூன்று மாதத்தில் இரண்டு தடவை குடித்தார், இரண்டையும் நோட்டில் எழுதினார். மொத்தம் பதினாலு தடவை போயிருக்கிறோம். ராத்திரி ஐந்து மணி நேரம் தூங்குகிறார்.

இந்த இடத்துக்கு ஐந்துக்கு நாலு. குறைந்த ஒன்று அந்தப் பெண்ணுக்கு இல்லை. எங்கள் மாவட்டம் முழுவதற்கும் அவர் ஒருத்தர்தான். தாலுகா மருத்துவமனைகளுக்கும் முறை வைத்துப் போக வேண்டும். அவர் லீவு போட்டால் எங்களுக்கு ஒரு மாதம் தள்ளிப்போகிறது. ஒப்பந்த வேலை வேறு. அவர் மாறிப் போய்விட்டால் என் வீட்டுக்காரர் இன்னொரு முகத்திடம் முதலிலிருந்து சொல்வாரா என்று நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இதைத்தான் நான் கேட்கிறேன். பட்டாளத்துக்காரர்கள் மனநல மருத்துவமனையைத் தேடிப் போக மாட்டார்கள். ஆனால் மாதம் ஒரு தடவை சர்க்கரை மாத்திரைக்கு பாலிகிளினிக்குக்குக் கட்டாயம் வருவார்கள். அவர்கள் வரும் அந்தக் கட்டடத்திலேயே, வாரத்தில் இரண்டு நாளாவது, தமிழ் பேசும் உளவியலாளர் ஒருவர் உட்கார வேண்டும். கதவில் 'மனநலம்' என்று எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அறை எண் போதும். சர்க்கரை பார்க்கும் நர்ஸே தூக்கம் எப்படி, குடி எப்படி என்று இரண்டு கேள்வி கேட்டு அந்த அறையைக் காட்டலாம். பென்ஷனுக்கு வருஷா வருஷம் உயிர்ச்சான்று கொடுக்கிறோம். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கிற அன்றைக்கே எப்படி இருக்கிறார் என்றும் கேட்கலாம். மனைவிக்கும் அதே அறையில் தனி நேரம் வேண்டும். சர்வீஸிலிருந்து வெளியே வரும்போது பென்ஷன் தாள், கேன்டீன் கார்டு எல்லாம் கையில் கிடைக்கிறதே, அதோடு ஊரில் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பெயரும் கிடைக்க வேண்டும். இனிமேல் யாரும் எஸ்-ஐக் குறைக்க முடியாது, பேசலாம் என்று அன்றைக்கே சொல்ல வேண்டும்.

அரசு நடத்தும் இடங்களில் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்று நான் மேலே சொன்ன அதே சட்டம் சொல்கிறது. வேறு நாட்டில் நடக்காததும் இல்லை. வியட்நாமிலிருந்து திரும்பியவர்களுக்காக அமெரிக்காவில் 1979-லேயே 'வெட் சென்டர்' என்று ஊருக்குள், மருத்துவமனைக்கு வெளியே, சின்னச் சின்ன ஆலோசனை மையங்கள் தொடங்கிவிட்டார்கள். அங்கே பேசுபவர்களில் நிறையப் பேர் தாங்களே படையில் இருந்தவர்கள். குடும்பத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள். போர் விட்டுப்போகும் இந்த மனக்காயத்துக்கு மருத்துவப் புத்தகத்தில் 'பி.டி.எஸ்.டி' என்ற இப்போதைய பெயர் ஏறியதே அடுத்த வருஷம், 1980-இல்தான். புத்தகத்தில் பெயர் வரும்வரைகூட அவர்கள் காத்திருக்கவில்லை.

தானும் அதே வழியாக வந்த ஆள் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு வித்தியாசம் என்று நான் கண்ணால் பார்த்தேன். மாசி மாதத்தில் ஒரு கேன்டீன் நாளில், வரிசையில் நின்றபோது, என் வீட்டுக்காரர் பக்கத்து ஊர் சுபேதாரிடம் தானாகவே, "சார், எனக்குத் தூக்கம் வரல, டாக்டரம்மாகிட்டப் போறேன்" என்று சொல்லியிருக்கிறார். அந்த சுபேதார், அந்தத் தனியார் மருத்துவமனை ஹாலில் எங்களைப் பார்த்த அம்மாவின் வீட்டுக்காரர், கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, "எந்தக் கிழமை?" என்று கேட்டாராம். இப்போது கேன்டீன் நாளில் ஆறு பேர் சாமானைக் கட்டி வைத்துவிட்டு மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறார்கள். யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

கலெக்டர் ஆபீஸில் முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் நாள் நடக்கும்போது மனு கொடுத்தோம். பாலிகிளினிக்கில் உளவியலாளர் வேண்டும் என்பதுதான் மனு. 41 கையெழுத்து, அதில் 17 பெண்கள். ரசீது வாங்கி வைத்திருக்கிறோம். இதைப் படிக்கும் பட்டாளத்து வீட்டுப் பெண்கள் உங்கள் மாவட்டத்திலும் கொடுங்கள். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மாட்டார் என்றால் நீங்கள் போடுங்கள். அவர் டாக்டரிடம் வர மாட்டார் என்றால் நீங்கள் முதலில் போங்கள். கையில் கார்டு, பழைய மாத்திரைச் சீட்டு இரண்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அரசு மருத்துவமனையில் ரெஃபரல் கேட்பதில்லை. காலை எட்டரைக்குள் சீட்டுப் போட்டுவிட்டால் பதினோரு மணிக்குள் பார்த்துவிடலாம்.

போன வாரம் எங்கள் ஊர் அம்மன் கோயில் பொங்கல். அவர் முதல் நாளே கோயில் கமிட்டித் தலைவரிடம் போய், "வேட்டு எத்தனை மணிக்குப் போடுவீங்க?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். சாயங்காலம் ஆறரை என்று சொன்னார்களாம். ஆறு மணிக்குப் பேரனை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். வேட்டு வெடித்தபோது உடம்பு தூக்கிப் போட்டது. பேரன் நிமிர்ந்து பார்த்து, "தாத்தா, வேட்டு" என்றான். "ஆமாப்பா, வேட்டுத்தான்" என்றார்.

வருகிற புதன்கிழமை பதினைந்தாவது தடவை. சுபேதாரும் இன்னொருத்தரும் கூட வருகிறார்கள். ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன்.